ஐந்து விசில்

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு முத்துப்பேட்டை படகுத்துறைக்குப் போனேன். மார்கழிப் பனியில் கோரையாறு தெரியவில்லை. சேற்று வாடையும் டீசல் வாடையும்தான் வந்தன.

துரைராசு அண்ணன் படகில் ஏறியதும் வழக்கம்போல ஹாரன் மேல் சாக்கைச் சுற்றினார். சத்தம் கேட்டால் மடவை மீன் துள்ளி வலையைத் தாண்டிவிடுமாம்.

போன வாரம் அந்தச் சாக்கினால்தான் துடுப்பு வள்ளத்தில் வந்த கோவிந்தராசு செத்தார்.

படகோட்டிகளுக்கான மாலை வகுப்பில் சலாஹுதீன் சார் சொன்னதை இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதிரெதிரே வரும் படகுகள் இரண்டும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு குறு விசில் என்றால், 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்'. எதிர்ப்படகும் பதிலுக்கு ஒன்று ஊத வேண்டும். ஐந்து என்றால், 'நீ செய்யப்போவதில் எனக்குச் சந்தேகம்'.

அன்றைய பனியில் கோவிந்தராசு ஒன்று ஊதிவிட்டுத் தன் வள்ளத்தை வலப்பக்கம் திருப்பினார். விசில் எங்களுக்குக் கேட்டது; ஹாரனில் சாக்கு இருந்ததால் நாங்கள் பதில் ஊதவில்லை. வலப்பக்கம் சேறு தட்டும் என்று அண்ணன் இடப்பக்கம் ஒடித்தார். நேராக அவர் மேல்.

முன்னால் நின்று பார்க்க வேண்டியவன் நான். "விசில் கேட்கவில்லை" என்று அண்ணன் சொன்னபடியே காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டேன். பழி செத்தவர் மேல் விழுந்தது.

"ஊதாம வருவாரா அவரு?" அவர் மனைவி அம்சம் அக்கா என்னிடம்தான் கேட்டார்.

"அந்தச் சாக்கை எடுங்கண்ணே," என்று இன்று படகு கிளம்பும்போது அண்ணனிடம் சொன்னேன்.

"நாலு நாள் கிளாசுக்குப் போனதும் கப்பல் கேப்டன் ஆயிட்டியா? வாயை மூடிட்டு முன்னாடி நில்லுடா."

பாதி ஆற்றில், பனிக்குள்ளிருந்து விசில்.

ஒன்று.

"யார்றா அது?" அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

துடுப்புச் சத்தம் நெருங்கியது. சத்தம் வந்த இடத்தில் வள்ளம் எதுவும் இல்லை.

சாக்கைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். ஹாரனை ஒருமுறை அழுத்தினேன். "வலப்பக்கம் திருப்புய்யா!" என்று கத்தினேன். அவரை இதுவரை 'யா' போட்டதில்லை.

திருப்பினார். துடுப்புச் சத்தம் எங்களுக்கு இடப்பக்கமாக, விதி மாறாமல், மெதுவாகக் கடந்து போனது.

"வெளியில சொல்லிடாதடா," என்று கிசுகிசுத்தார்.

"சொல்லத்தான் போறேன்."

இப்போது மாலை ஏழு. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். காவல் நிலையம் இதே தெருவில்தான், திறந்துதான் இருக்கிறது. 'நாளை போய் உண்மையைச் சொல்வேன்' என்று இப்போதுதான் எழுதினேன்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு இல்லை. நடவு முடிந்த வயல்.

அங்கிருந்து விசில் வருகிறது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.