முப்பத்தொன்பது பேருக்கு வந்த யானை

மாயவனின் போன் ஒலிக்கவே இல்லை.

சட்டைப் பையில், முழு சார்ஜோடு, சிக்னலோடு, ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது அது.

மாயவன்தான் அப்படி இல்லை.

ராகிக் காட்டில், மோட்டார் ரூமுக்கு இருபது அடி முன்னால், யானை அவரை மிதித்துப் போட்டிருந்தது...

மறுநாள் காலை. பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயிகள் சங்க ஆபீஸ்.

இன்ஸ்பெக்டர் பானுமதி வாயைத் திறக்கும் முன்பே தௌபிக் பேசிவிட்டான்.

"நான்தாங்க மேடம் கொன்னேன்."

"யானை மிதிச்சதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீ எப்படி தம்பி கொன்னே?"

தௌபிக் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். யானை வந்தால் நாற்பது விவசாயிகளுக்கும் ஒரே நேரத்தில் மெசேஜ் போக, கம்ப்யூட்டரில் ஓட்டும் கட்டளைத் தொகுப்பாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது அவன்தான்.

மானிட்டரைக் காட்டினான். ஓரத்தில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது.

'முதலில் யானை ஃபோல்டருக்குள் போகவும். பிறகே ஓட்டவும்.'

"இதுல என்ன?"

"புரியற மாதிரி சொல்றேங்க. 'சாவி பக்கத்து வூட்டுல இருக்கு'ன்னு சொன்னா, கேக்கறவர் எங்க நிக்கறாரோ அதுக்குப் பக்கத்து வூட்டைத்தானே தட்டுவாரு? என் ஸ்கிரிப்டும் அப்படித்தான். நம்பர் பட்டியலை, அது இருக்கற ஃபோல்டர்ல தேடாது. ஓட்டறவர் நிக்கற ஃபோல்டர்ல தேடும். வேற எங்கயோ நின்னு ஓட்டினா பட்டியல் கெடைக்காது."

"திருத்த முடியாதா?"

"ரெண்டே வரி. 'மொதல்ல நீ இருக்கற எடத்தைக் கண்டுபிடி, அங்கருந்து எடு'ன்னு. மூணு மாசமா தெரியும் மேடம்... சோம்பேறித்தனம். பேப்பர் ஒட்டிட்டுப் போயிட்டேன்."

சுவரோரம் நின்றிருந்த சந்திரமோகன் உச்சுக் கொட்டினான். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். மாயவனோடு ஒரே கிணற்றில் பங்குள்ளவன்.

"உன்னை நம்பித்தானே பாய் இருந்தோம்? கெணத்துப் பக்கம் யானைன்னு ஃபாரஸ்ட் வாட்ச்சர் போன் பண்ணதும் நான் ஓட்டிட்டேங்க மேடம். அனுப்பியாச்சுன்னு வந்துச்சு."

பானுமதி நோட்டைப் புரட்டினாள்.

"முப்பத்தொன்பது பேருக்கு வந்திருக்கு. மாயவனுக்கு மட்டும் வரல."

தௌபிக் நிமிர்ந்தான்.

"அப்படி ஆகாதுங்களே... பட்டியல் கெடைச்சா நாப்பது. கெடைக்கலைன்னா ஒண்ணுமே போகாது."

யானை ஃபோல்டரைத் திறந்தான்.

நாற்பது பேர். பதினேழாவதாக மாயவன்.

"அப்ப இன்னொரு பட்டியல் இருந்திருக்கு மேடம். மாயவண்ணன் பேரை மட்டும் எடுத்துட்டு, வேற ஃபோல்டர்ல. அங்க நின்னு ஓட்டியிருக்காங்க."

"கதை வுடாத பாய்," என்றான் சந்திரமோகன். "மெஷின் பூரா தேடிக்க. வேற பட்டியலே கெடையாது."

"அழிச்சிருப்பீங்கண்ணா. ஆனா யார் யாருக்கு அனுப்பினோம்னு ஸ்கிரிப்ட் ஒரு பதிவு எழுதும். அதை நான் யாருக்கும் சொன்னதில்ல. அதையும்... ஓட்டறவர் நிக்கற எடத்துலதான் எழுதும்."

தேடினான்.

'தங்கச்சி கல்யாணம்.' சந்திரமோகனின் ஃபோல்டர். போட்டோக்களுக்கு நடுவே ஒரு சின்ன ஃபைல்.

நேற்று, மாலை 5.42. முப்பத்தொன்பது நம்பர்கள்.

பானுமதி மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து கெணத்துல தண்ணி எடுக்க யார் மொறை?"

சந்திரமோகன் வாசலைப் பார்த்தான்.

"ஆறு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். மோட்டார் போட மாயவன் வருவாரு. பட்டியலை ரெடியா வெச்சுக்கிட்டு, யானைக்காக எத்தனை வாரம் காத்திருந்தே?"

"அது எங்க தாத்தா வெட்டின கெணறுங்க," என்றான், சுவரைப் பார்த்து. "அவனுக்கு என்ன பங்கு?"

வாசலில் நின்றிருந்த கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

தௌபிக்கின் முகம் தெளியவில்லை. உட்கார்ந்து, அந்த இரண்டு வரிகளைத் தட்டினான்.

"நாலு நிமிஷங்க மேடம். அவ்வளவுதான். இந்தப் பேப்பரைப் படிச்சுத்தானே அவருக்கு இந்த வழியே தெரிஞ்சிருக்கு... பாஞ்சாலி அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? புருஷனை இழந்துட்டு நிக்கறாங்க."

பானுமதி மானிட்டரிலிருந்த பேப்பரைக் கிழியாமல் உரித்து, சாட்சிக் கவருக்குள் போட்டாள்.

"இனிமே எங்க நின்னு ஓட்டினாலும் நாப்பது பேருக்கும் போகுமா?"

"போகுங்க."

அவள் சந்திரமோகன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஸ்கிரிப்டுக்கு இனி நிக்கற எடம் முக்கியமில்லையாம். உங்களுக்குத்தான் எடம் பார்க்கணும்... சேலம் ஜெயில்ல காத்தோட்டமா இருக்கும், வாங்க!"