மச்சான் காரில் நீடில் ஆயில்!

செல்போன் அலறியது!

திரையில் மனைவி அமராவதியின் பெயர். அருள்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நெருப்பெரிச்சலில் இருக்கும் பனியன் துணி நிட்டிங் கம்பெனியின் ஆபீஸ் அறையில், காலையிலிருந்து ஒரு சாவுச் செய்திக்காகக் காத்திருந்தான் அவன்.

மச்சான் வேலுமணியின் சாவு!

கம்பெனியில் பாதிப் பங்கு வேலுமணிக்கு; அவன் போனால் முழுதும் அருளுக்கு. வேலுமணி ஓட்டுவது அரதப் பழசான அம்பாசடர். நேற்றுச் சாயங்காலம் அதன் பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிட்டிங் மெஷினுக்கு விடும் நீடில் ஆயிலை ஊற்றி வைத்திருந்தான் அருள். மேம்பால இறக்கத்தில் பிரேக் கைவிடும். விபத்து என்று ஊர் அழும்!

போனை எடுத்தான்.

“ஏனுங்க... அண்ணன் காரை நான் எடுத்துட்டு வந்துட்டனுங்க. காதர்பேட்டைல ஒரு வேலை. நம்ம பாப்பாவும் கூட இருக்கா.”

அருள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

“எங்க... எங்க இருக்கே?”

“மேம்பாலம் ஏறிட்டு இருக்கறனுங்க.”

“நிறுத்து! இப்பவே ஓரங்கட்டு!”

“பின்னால வேன்காரன் ஹாரன் அடிச்சே கொல்றானுங்க. எதுக்கு நிறுத்தோணும்?”

“சொன்னாக் கேளு அம்மிணி!”

“இதா... இறக்கம் வந்துருச்சுங்க...”

அவன் கதறினான். என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. பாப்பாவின் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

“பிரேக் பிடிக்காது! உங்கண்ணனுக்காக நான்தான் நீடில் ஆயிலை ஊத்தி வெச்சேன்! கியரைக் குறை! ஹேண்ட் பிரேக்கை இழு... இழுடீ!”

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

“அமராவதி...? ஐயோ, பாப்பா...!”

ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

“பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்காளுங்க மாப்ள.”

வேலுமணி!

“கார் எங்க ஊட்டு வாசலையே தாண்டலீங்க. காலைல ஒரு மிதி மிதிச்சேன். பிடிச்ச பிரேக் விடவே இல்லை! மெக்கானிக் ராபின் வந்து பிரேக் ஆயில் மூடியைத் தொறந்தான். தொட்டுப் பார்த்ததுமே எனக்கு நீடில் ஆயில்னு தெரிஞ்சு போச்சுங்க. என்னைத் தவிர கார் சாவி உங்ககிட்டதான இருக்குது? உங்க வாயாலயே வரட்டும்னுதான் தங்கச்சியை அப்படிப் பேச வெச்சேனுங்க.”

பின்னாலிருந்து ராபினின் குரல் கேட்டது.

“பழைய வண்டிக்கு டாட் த்ரீ பிரேக் ஆயில்தான் ஊத்தணும்லா! மெஷின் ஆயில் பட்டா உள்ள ரப்பர் உப்பி, சக்கரம் அப்படியே இறுகிரும். இது தெரியாமலா சார் கொலைக்கு எறங்குனீங்க?”

அமராவதி விசும்பும் சத்தம்...

அருள் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான்... வேற யாரும்... கேக்கலீல்ல?”

“இன்ஸ்பெக்டர் பக்கத்துலயே நின்னு கேட்டாருங்க. இப்பத்தான் அங்க கிளம்பினாரு. பயப்படாதீங்க மாப்ள... போலீஸ் ஜீப்புல பிரேக் நல்லாவே பிடிக்கும்!”