நூற்றுப் பதினேழு வேளை

வெயிலுமுத்துவின் எடை நாற்பத்தொன்பது கிலோவுக்கு இறங்கிய அன்று, பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். பத்து மாதத்துக்கு முன் நூற்றிரண்டு கிலோ இருந்தவர். நீரேந்தல் எடைக்குறைப்புத் திட்டத்தில் அவருக்கே முதல் பரிசு. மேடையேற இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஊரே கைதட்டியது. அவர் மனைவி இசக்கியம்மாள் மட்டும் தட்டவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊரில் பருமனானவர்கள் எல்லார் கழுத்திலும் 'பசிக்கதவு' இருந்தது. மிளகளவு கருவி, தொண்டை நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்து "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் போதும். குரலைக் கேட்டு ஐந்து மணி நேரத்துக்குப் பசியை மூடிவிடும். ஓராண்டில் தானே கரைந்துபோகும். அதற்கு முன் அறுத்தெடுத்தால் குரலே போய்விடும்.

"ரெண்டு வாயாவது தின்னுங்க" என்று அவள் தட்டோடு பின்னாலேயே போவாள்.

"இப்பத்தான் தின்ன மாதிரி இருக்கு, இசக்கி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

பரிசு வாங்கிய மறுநாளே அவரை நலவாழ்வு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். செவிலி ரெஜினா கருவியின் பதிவைத் திறந்து பார்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, நேத்து இவரு எத்தன வேள சாப்ட்டாரு?"

"காலையில அர இட்லி. அவ்வளவுதான் தாயி."

"இதுல நூத்திப் பதினேழுன்னு இருக்கு."

வெயிலுமுத்துவுக்கு மினிபஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஏறுகிறவர்கள் எல்லாரும் "சாப்ட்டாச்சா அண்ணாச்சி?" என்பார்கள். அவர் டிக்கெட்டைக் கிழித்தபடி "சாப்ட்டாச்சு" என்பார். கருவி அதை ஒரு வேளையாக எழுதி, கதவை இன்னும் இறுக்கிச் சாத்தும். கருவியைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அவர்களை ஒருவரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டதில்லை போலும்.

"இனிமே இல்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ரெஜினா.

"இல்லன்னா விடுவாகளா? கையப் பிடிச்சு வீட்டுக்கு இழுப்பாக. சோறு போடலையாட்டீன்னு இவளக் கேப்பாக."

இருந்தாலும் முயன்று பார்த்தார். வாய் கேட்கவில்லை. மறுநாள் பதிவில் தொண்ணூற்றாறு வேளை. இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் இதயம் தாங்காது என்றாள் ரெஜினா. கருவி கரைய இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

இசக்கியம்மாள் வீடு வீடாகப் போய்க் கைகூப்பினாள். "அவுகள மட்டுமில்ல, யாரையுமே கேக்காதிய. கேட்டுப் பழகுன வாயி சும்மா இருக்காது." பஞ்சாயத்தும் அதையே கட்டுப்பாடாக்கியது. ஊரில் யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேட்கக் கூடாது.

முதல் மூன்று நாள் பஸ்ஸில் எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசப் பழகினார்கள். நாலாம் நாள் மத்தியானம் வெயிலுமுத்து வீட்டுக்குள் நுழைந்து, "பசிக்குதுட்டீ" என்றார். இசக்கியம்மாள் அழுதுகொண்டே பரிமாறினாள். பத்து மாதப் பசி அது. எவ்வளவு வடித்தாலும் பானையை வழித்துவிட்டுத்தான் எழுந்தார். அவள் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கருவி கரைய ஐந்து நாள் இருக்கும்போது ஊரையே எடை பார்த்தார்கள். வெயிலுமுத்து அறுபத்துநாலு. ரெஜினாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்து இசக்கியம்மாள் ஏறினாள். போன முறை ஐம்பத்தாறு. இப்போது நாற்பத்திரண்டு.

"என்னக்கா இது? உங்க கழுத்துல கதவே கிடையாதே?"

வெயிலுமுத்து பெண்டாட்டியை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் சோற்றில் கை வைக்குமுன் "நீ சாப்ட்டியா?" என்பார். "இல்ல" என்பாள், பாதியைப் பானையிலேயே விடுவார். இரண்டு மாதமாக அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கைகூப்பியவள் அவள்தான். கேட்காமல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரெஜினா வெளியூர்க்காரி. ஊர்க் கட்டுப்பாட்டை மறந்து, பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னிக்காவது சாப்ட்டீங்களா?"

இசக்கியம்மாளுக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதம் கழித்து ஒருத்தி கேட்கிறாள். வாய் தானாகத் திறந்தது.

"ஆச்சு தாயி, சாப்ட்டாச்சு."