மஞ்சள் தண்ணீர் குடித்த கதவு

நல்லம்பள்ளியில் சவரி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பிற்பகல் மணி மூன்று. வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரிசி ஆலை நஞ்சப்பனின் கார் ஷெட்டை நோக்கி நடந்தான். கால் முன்னே போயிற்று. மனசு சொந்த ஊரான இண்டூருக்குத் திரும்பிப்போக பஸ் தேடிக்கொண்டிருந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷத்தில் அந்த ஷெட்டின் கதவைப் பார்க்காத ஆளே அந்தப் பக்கத்தில் கிடையாது. பம்பாயிலிருந்து லாரியில் வந்த இரும்புக் கதவு. சுவிட்சைத் தட்டினால் மோட்டார் உறுமும். யானை தும்பிக்கையைத் தூக்குவதுபோல் கதவு தானாக மேலே ஏறும். ஏரியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் அதற்குத் தேங்காய் உடைத்தார். வண்டி மாடு ஒன்று மிரண்டு ஓடியது; அதைப் பெங்களூரில்தான் பிடிக்க முடிந்தது.

இத்தனை கண் பட்டால் கதவு என்னத்துக்கு ஆகும்? நஞ்சப்பன் வீட்டில் வெள்ளி தவறாமல் கதவின் உச்சியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திருஷ்டி கழித்தார்கள். கதவைத் தூக்கும் இரும்பு வடத்துக்கு கிரீஸ் போட வந்த சவரியை, "மஞ்சளும் குங்குமமும் வச்ச எடத்துல கருப்பு மசியப் பூசாதப்பா" என்று தடுத்தார் நஞ்சப்பன். வடம் துருப்பிடித்து இழை இழையாகப் பிரிந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்றான் சவரி.

"ஆயுத பூசை வரட்டும்."

அதற்குள் வடம் அறுந்தது. அப்போது கதவடியில் கூட்டிக்கொண்டிருந்தவள் வேலைக்காரி குள்ளம்மாள்.

அவள் செத்தது கொடுமை. அதைவிடக் கொடுமை, திருட நுழைந்தாள் என்று நஞ்சப்பன் போலீசிடம் சொன்னது. "வடம் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்று சாட்சி சொன்னவன் சவரி. சுற்றுவட்டார ஆலை வேலையெல்லாம் நஞ்சப்பனின் கண்ணசைவில் இருந்தது. குள்ளம்மாளின் மகள் கண்ணம்மாளை அன்றிலிருந்து எந்த வீட்டிலும் வாசல் கூட்டக்கூட விடவில்லை. திருடி மகள்!

புது வடம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. இப்போது வேறு தொல்லை.

"கரண்டு இல்லாத நேரத்துல கதவு தானாத் தொறக்குதுப்பா." சவரியை ஷெட்டுக்குள் கூட்டிப்போன நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தினார். "நேத்து மத்தியானம் பப்பரப்பான்னு கெடந்துச்சு. எவனாச்சும் பூந்து காரை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?"

"மோட்டார்ல கோளாறா இருக்குங்க முதலாளி."

"கோளாறா? ஃபியூஸையே புடுங்கிச் சட்டைப் பையில வச்சிருக்கேன். இந்தா பாரு."

சவரி பார்த்தான். ஃபியூஸ் அவர் உள்ளங்கையில் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் கதவு இறங்கிக்கொண்டிருந்தது.

உறுமல் இல்லை.

ஷெட் இருண்டது. தரையோரம் ஒரு முழ வெளிச்சம் மட்டும் மிச்சம். மஞ்சள் வாடை கிளம்பியது. கல்யாண வீட்டு மஞ்சள் அல்ல. ஈரத்தில் ஊறிய துரு கலந்த மஞ்சள்.

சர்ர்... சர்ர்...

யாரோ கூட்டினார்கள்.

விளக்குமாறு இல்லை. ஆள் இல்லை. தரைப் புழுதி மட்டும் கோடு கோடாக ஒதுங்கி, இருவரின் காலையும் சுற்றிக்கொண்டு கதவடியில் போய்க் குவிந்தது.

"படுத்து அப்படியே வெளிய நழுவிருவோம்," என்று நஞ்சப்பன் கிசுகிசுத்தார்.

சவரி முந்திக்கொண்டான். தலையும் தோளும் வெளியே போயின. இடுப்பின்மேல் இரும்பு வந்து உட்கார்ந்தது.

அமுக்கவில்லை. காத்திருந்தது.

"வடம் இத்துப்போயிருந்துச்சு தாயே," என்று முனகினான். "எனக்குத் தெரியும். நீ திருடி இல்ல. டேசன்ல போயிச் சொல்லிப்புடறேன். மாதா மேல சத்தியம்."

இரும்பு நான்கு விரல் உயர்ந்தது. வெளியே உருண்டான்.

"முதலாளி, நீங்களும் சொல்லிப்புடுங்க!"

"அவ திருடிதான்டா!" என்றபடியே நஞ்சப்பனின் தலை வெளியே வந்தது. "கூட்டறவளுக்கு நான் பதில் சொல்லணுமா?"

கதவு விழுந்த சத்தம் மேட்டூர் அணைவரை கேட்டதாம்.

புது வடம் அறுந்திருக்கவே இல்லை.

சவரி ஸ்டேஷனுக்குப் போனானா? எங்கே! முதலாளியே போய்ச் சேர்ந்தாயிற்று, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று இண்டூருக்கு ஓடிவந்துவிட்டான். அவன் வீட்டுக்குக் கதவே கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். அந்தத் தைரியம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுதாவைத் தூக்கிவிட்டு நுழைந்தான். பின்னால் சாக்கு விழுந்தது.

வீடே குலுங்கியது. வாசற்படிக் கல் இரண்டாகப் பிளந்தது. சவரியின் செருப்பில் முன்பாதி காலில் இருந்தது. குதிகால் பாதி வெளியே கிடந்தது.

மறுநாள், பாராக்காரர் பல் விளக்குமுன் ஸ்டேஷன் வாசலில் சவரி நின்றான். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அதோடு விடவில்லை. கண்ணம்மாளின் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்: "குள்ளம்மா திருடி இல்ல! நாந்தான் பொய் சொன்னேன்!" தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

அவன் வீடு திரும்பியபோது படுதா தானாக உயர்ந்து நின்றது. காற்று அசையவில்லை. குனிந்து உள்ளே நுழைந்தான். அவன் மனைவி மதலேனம்மாள் இரண்டு கையாலும் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

"யாருங்க அது, ஒங்களுக்குப் படுதாவத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற பொம்பள? வெளியவே நிக்க வைக்காதீங்க. உள்ள வரச் சொல்லுங்க."

சவரி திரும்பிப் பார்க்கவில்லை.

படுதா இன்னும் இறங்கவில்லை.