உட்பக்கம் காட்டும் பலகைகள்

அன்றும் பலகைச் சுவரின் அடியில் மரத்தூள் கிடந்தது. முந்தைய மாலை ஜோலீன் பெருக்கித் துடைத்த அதே இடத்தில், புதிதாய், மஞ்சளாய். நிலவறையில் வேலை முடிந்து, ரம்பம் மேலே போய் ஒரு வாரமாகியிருந்தது.

விஸ்கான்சினின் அந்தப் பனிக்காலம் முழுவதும் அவள் கணவன் டுவைட் நிலவறையைப் புதுப்பித்தான். ஆரஞ்சு நிறக் கம்பளத்தைக் கிழித்தெறிந்தான். தகப்பனின் பண்ணைக் கொட்டகையைப் பிரித்துக் கொண்டுவந்த பலகைகளால் சுவர்களைப் போர்த்தினான். வரிசை கெடக்கூடாதென்று, ஆபத்தில் ஏறித் தப்புவதற்கிருந்த ஒரே சன்னலையும் மூடினான். நிலவறை வாசலில் கொட்டகைக் கதவையே உருளைகளில் தொங்கவிட்டான். இறங்கி வருவோர் கண்ணில் முதலில் பட வேண்டுமென்று, அதன் இரும்பு நாதாங்கியைப் படிக்கட்டுப் பக்கம் வைத்தான்.

பலகைகளில் முழங்கால் உயரத்தில் கீறல்கள் இருந்தன. நான்கு நான்காக. அவள் கேட்டபோது, வெள்ளரி பறிக்கத் தெற்கிலிருந்து வந்த கூலியாட்கள் அந்தக் கொட்டகையில் படுத்திருந்தார்கள் என்றான். ஓடிவிடாதபடி அப்பா வெளியே பூட்டுவாராம். ஒரு கோடையில் ஈர வைக்கோல் உள்ளேயே புகைந்ததாம். சாவியோ அப்பாவின் பையில், அப்பாவோ வெளியூரில். வானிலை சொல்வதுபோல் சொன்னான்.

“அப்ப இதத் திருப்பிப் போடு, டுவைட். இந்தப் பக்கம் வேணாம்.”

“திருப்புனா வெறும் பலகை. கீறல்தான் அழகு, ஜோ. உன் தங்கச்சி வீட்டுச் சுவர்ல இருக்கிறது மரம் மாதிரி அச்சடிச்ச காகிதம். வந்து பார்த்து வயிறெரியட்டும்.”

கீறலை ரசிக்கத் தெரிந்த வீடு; கீறிய விரல் எவருடையது என்று கேட்க மறந்த வீடு. மறந்துதான் அவளும் அந்தக் கீறல்களுக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினாள்.

இப்போது தூளை அள்ளக் குனிந்தவள் நிமிரவில்லை. கீறல்கள் முழங்கால் உயரத்தில் இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தன. எண்ணெய் மணத்தின் அடியிலிருந்து, வியர்வையும் புகைந்த வைக்கோலுமாக இன்னொரு மணம் மெல்ல எழுந்து அவள் தொண்டையில் படிந்தது.

பின்னால் கதவு உருண்டது. நாதாங்கி விழுந்தது.

“டுவைட், விளையாடாத.”

அப்போதுதான் வெளியே பனியை நசுக்கி வண்டி வந்து நின்றது. தலைக்கு மேல் அவனுடைய காலணி. குளிர்பெட்டிக் கதவு. தொலைக்காட்சியில் பந்தாட்டக் கூச்சல்.

கதவை அறைந்தாள். கத்தினாள். பலகைகளிலிருந்து கசிந்த புகை குரலைத் தின்றது. மூடிய சன்னல் இருந்த இடத்தைத் தடவினாள். பலகை. நகத்தைக் கொடுத்துப் பிறாண்டினாள். பலகை. பலகை.

மேலிருந்து டுவைட்டின் குரல் இறங்கியது. “கீழ என்னத்த அறுத்துக்கிட்டிருக்க, ஜோ? கொஞ்சம் மெதுவா. ஆட்டம் கேக்கல.”

அவள் விரல்கள் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

அவள் கைக்கு இடப்புறம், பலகையில் நான்கு கோடுகள் தாமே கீழிறங்கின. வலப்புறம் நான்கு. எதிர்ச்சுவரில் நான்கு, நான்கு, நான்கு. அறையைச் சுற்றிலும் மரத்தூள் உதிர்ந்தது.