நான் பின்னால உண்டு

முன்னால் நடந்து போகிற பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்பதை, கேன்டீன் வளைவு தாண்டிய பிறகுதான் ராகேல் கவனித்தாள்.

எடவப்பாதி மழை, வைகாசிப் பாதியில் தொடங்குகிற பருவமழை. திருவனந்தபுரத்தில் இந்த மழை பிடித்தால் லேசில் விடாது. சாயங்காலம் காப்பி குடித்து முடிப்பதற்குள் பல்கலைக்கழக வளாகம் இருட்டிப்போய், அக்கேசியா மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் ஓடையில் ஓடுகிற தண்ணீரும் சைக்கிள் ஷெட்டின் தகரத்தில் விழுகிற தண்ணீருமாக எல்லாச் சத்தமும் கலந்து ஒரே சத்தமாகிவிடும். இதற்குள் ஒரு பெண்பிள்ளையின் ரப்பர் செருப்பு கேட்கவில்லை என்று கவலைப்படுவது கிறுக்குத்தனம் என்று ராகேல் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அவளுடைய பூட்ஸ் தேங்கிய தண்ணீரில் சளக் சளக்கென்று விழுவது நன்றாகவே கேட்டது. லத்தியின் நுனியில் ஒரு இரும்புப் பூண் கழன்று ஆடிக்கொண்டிருக்கும். தட்டும்போதெல்லாம் 'டக்' என்று விழுந்து, பிறகு 'கிணுங்' என்று ஆடும். அதுவும் கேட்டது. முன்னால் மட்டும் ஒன்றுமில்லை. குடை போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு மாணவியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதில் அவள் கை முறிந்தது. பிள்ளைகள் நிர்வாகக் கட்டிடத்தின் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். தெருவிளக்கு போடுங்கள் என்றுதான் கேட்டார்கள். நிர்வாகம் ராகேலைப் போட்டது. இருட்டிய பிறகு லைப்ரரியிலிருந்து ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய பெண் செக்யூரிட்டி ஆபீசுக்கு ஒரு போன் பண்ணினால் போதும், ராகேல் டார்ச்சும் லத்தியுமாகத் துணைக்குப் போவாள்.

துணை போவதற்கு முறை உண்டு. பக்கத்தில் நடக்கக் கூடாது, பின்னால்தான் நடக்க வேண்டும். டார்ச் வெளிச்சம் பெண்ணின் காலுக்கு முன்னால் தரையில் வட்டமாக விழ வேண்டும். உடம்பில் படக் கூடாது. முன்பு இருந்த ஒரு காவலாளி டார்ச்சை அடிக்கக் கூடாத இடத்திலெல்லாம் அடித்து வேலையைத் தொலைத்த பிறகு வந்த சட்டம் அது.

இன்னொரு சட்டம் ராகேலே உண்டாக்கியது. இந்த ஊரில் எந்தப் பையனைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு மிமிக்ரிக்காரன் வெளியே வருவான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ராகேலின் குரலிலேயே "மோளே, நில்லு" என்பார்கள். பிள்ளை திரும்பினால் முகத்தில் மொபைல் வெளிச்சத்தை அடித்து வீடியோ எடுப்பார்கள். அதற்காக ராகேல் எல்லாப் பெண்களிடமும் சொல்லி வைத்திருந்தாள். "யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க, கேட்டியளா? என் சத்தத்துல கூப்பிட்டாலும் பாக்காதீங்க. கிளம்பும்போது ஒரு வாட்டி, நான் பின்னால உண்டுன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். கம்புச் சத்தம் கேக்குதா, அதுதான் நான்."

பையன்களால் குரலை எடுக்க முடிந்தது, அந்தக் கழன்ற பூணின் சத்தத்தை எடுக்க முடியவில்லை. ராகேலுக்கு இதில் பெருமைதான். பூணை மாற்றித் தருகிறேன் என்று ஆபீசில் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

இன்றைக்குக் கூப்பிட்டவள் சுஜா. எம்.எஸ்ஸி. படிக்கிறவள். அவளுடைய அம்மா ஜெபமலரும் ராகேலும் பாறசாலைப் பக்கம் ஒரே சபை, ஒரே பெஞ்சு. துப்பட்டா சம்பவத்துக்குப் பிறகு ஜெபமலர் மகளின் படிப்பை நிறுத்திவிடத் துணிந்தாள். புருஷனில்லாதவள், பெற்றது இவள் ஒருத்தியை. அவளைக் குறை சொல்ல முடியுமா? ராகேல்தான் ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளை என் பொறுப்பு ஜெபமலரு. அவ ஹாஸ்டலுக்குள்ள கேறுறது வர நான் பின்னால உண்டு" என்று வாக்குக் கொடுத்தாள். சுஜா அந்த வார்த்தையை வைத்தே அவளைக் கிண்டல் பண்ணுவாள். "நான் பின்னால உண்டு" என்று ராகேல் சொன்னால், "முன்னால யாரு உண்டு சித்தி?" என்று கேட்டுவிட்டுத்தான் நடக்க ஆரம்பிப்பாள்.

இன்று கேட்கவில்லை. லைப்ரரிப் படிக்குக் கீழே குடையோடு முதுகைக் காட்டி நின்றாள். ராகேல் சொன்னதும் குடை நகர்ந்தது. பரீட்சை சரியாக எழுதவில்லையோ, அம்மாவோடு போனில் சண்டையோ என்று நினைத்துக்கொண்டு ராகேலும் நடந்துவிட்டாள். குடை எப்போதும்போல் கேன்டீன் வழியாக, சுற்று வழியிலேயே போயிற்று. குறுக்கு வழி ஒன்று உண்டு. கட்டிடங்களுக்குக் கல் எடுத்த பழைய கல்வெட்டாங்குழியின் ஓரமாக அது போகிறது. குழியில் மழைத்தண்ணீர் கறுப்பாக நிறைந்து கிடக்கும், கம்பிவேலியும் பாதிக்கு மேல் அறுந்துபோயிற்று. அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று சுஜாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சுற்று வழியில் குடை போயிற்று, ராகேல் போனாள். செருப்புச் சத்தம் மட்டும் இல்லை. கூடவே ஒரு வாடை, மழை வாடையில்லை, வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது. ராகேல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போது ரெயின்கோட்டுக்குள் போன் அதிர்ந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து பகவதிப்பெருமாள் சார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவர் வேலை.

"ராகேலு, நீ எங்க போய்த் தொலைஞ்ச? அந்தப் பிள்ளை சுஜா ரெண்டாவது வாட்டியும் விளிச்சாச்சு. இன்னும் லைப்ரரி படியிலதான் நிக்கேன்னு சொல்லுது."

"சார், நான் அவளைக் கூட்டிட்டுல்லா போறேன். கேன்டீன் தாண்டியாச்சு."

"எந்தக் கேன்டீன்? நான் கேமராவுல பாக்கேன், பிள்ளை பச்சைக் குடையோட படியில..." அவர் நிறுத்தினார். பிறகு சிரித்தார். "ஆங், வந்துட்டியே! படிக்குக் கீழ டார்ச்சோட நீதானே வந்து நிக்க? ரெயின்கோட்டு, கம்பு, எல்லாம் தெரியுது. சும்மா தமாசு காட்டாத, கேட்டியா. கொண்டு விட்டுட்டுச் சொல்லு."

"சார், அது நானில்ல. சார்!"

அவர் வைத்துவிட்டார்.

ராகேல் நின்றாள். முன்னால் குடையும் நின்றது.

துணை போகிறவள் நின்றது முன்னால் போகிறவளுக்கு எப்படித் தெரியும்? லத்தியின் சத்தம் நின்றுவிட்டதால் தெரிந்திருக்கும் என்று அவள் மனம் அப்போதும் ஒரு நியாயம் தேடியது. கை தானாக மேலே போயிற்று. சட்டத்தை முதன்முறையாக மீறி டார்ச் வெளிச்சத்தைத் தரையிலிருந்து தூக்கிக் குடையின் மேல் அடித்தாள். பச்சை இல்லை. எந்த நிறமும் இல்லை. வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கியது.

குடைக்குக் கீழேயும் மழை பெய்துகொண்டிருந்தது.

கம்பியில்லை, பிடியில்லை, பிடித்த கையில்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் நேராக மழை இறங்கித் தார்ரோட்டில் தெறித்தது.

"இயேசுவே, இயேசுவே" என்று உதடு மட்டும் அசைய, சுஜாவின் எண்ணை அழுத்தினாள். ஈரத்தில் விரல் வழுக்கி இரண்டு முறை தவறிப்போய், மூன்றாவது முறை மணி அடித்தது.

"என்ன சித்தி, பின்னால நடந்துட்டே போன் பண்ணுதீங்க?"

சுஜாவின் குரல். சிரிப்போடு, உயிரோடு.

"மோளே, நான் உன் பின்னால இல்ல. எந்த வழியா போற?"

"குறுக்கு வழிதான். நீங்கதானே வெளிச்சத்தை இந்தப் பக்கம் திருப்புனீங்க?"

போனுக்குள், சுஜாவின் மூச்சுக்குப் பின்னால், அது கேட்டது. டக். கிணுங். டக். கிணுங்.

ராகேல் தன் கையிலிருந்த லத்தியைப் பார்த்தாள். பூண் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சுஜா, அது நானில்ல. வெளிச்சத்தை விட்டு வெளிய ஓடு. மோளே, ஓடு!"

பிறகு சுஜாவின் குரல் மாறியது.

"யாருடா அது? சித்தியோட போனைத் தூக்கிட்டு மிமிக்ரி காட்டுதியா? நாளைக்கு உன்னை சார்கிட்ட பிடிச்சுக் குடுக்கேன் பாரு. சித்தி இங்கதான் உண்டு. கம்புச் சத்தம் எனக்குக் கேக்குது."

அழைப்பு அறுந்தது. மறுபடி போட்டால் சுவிட்ச் ஆஃப்.

சுற்று வழியிலிருந்து குறுக்கு வழிக்குப் போக ரோடு கிடையாது. மரங்களுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினாள். முள் ரெயின்கோட்டைக் கிழித்தது. ஒரு வேர் காலை வாரிவிட, முகம் குப்புற விழுந்து, சேற்றில் கையூன்றி எழுந்து, டார்ச்சை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். லத்தி எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கர்த்தரே அவளைக் காப்பாற்றும், என்னை எடுத்துக்கொள்ளும், ஜெபமலருக்கு நான் என்ன சொல்வேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

குறுக்கு வழி வந்தது. அவர்கள் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

தூரத்தில் பச்சைக் குடை. அதற்கு முன்னால் தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம், முறைப்படி, உடம்பில் படாமல். குடைக்குப் பின்னால் இருட்டுதான். அந்த இருட்டு ரெயின்கோட்டு போட்டிருந்தது. ராகேலைப் போலவே இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தது.

"சுஜா!"

குடை தயங்கவில்லை.

"சுஜா, மோளே, நான் ராகேல் சித்தி! திரும்பிப் பாரு! ஒரு வாட்டி திரும்பிப் பாரு!"

குடை இன்னும் வேகமாக நடந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு, ராகேல் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நல்ல பிள்ளை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

கம்பு. கம்பைத் தட்டினால் நிற்பாள். ராகேல் கையைத் தூக்கினாள். கை வெறுமையாக இருந்தது.

வெளிச்ச வட்டம் இடப்பக்கம் திரும்பியது. அறுந்த வேலியைத் தாண்டியது. சுஜா வெளிச்சத்தைப் பார்த்தே நடந்தாள். மழைக்குள் தலை குனிந்து நடக்கிறவளுக்கு வேறு எது தெரியும்? வட்டம் கல்லின் மேல் போயிற்று. பிறகு தண்ணீரின் மேல் போயிற்று. தண்ணீரின் மேலும் அது தார்ரோட்டில் விழுவதுபோலவே உருண்டையாக, அசையாமல், பொறுமையாக முன்னேறியது.

ராகேல் ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்.

தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கவே இல்லை.

வெளிச்சம் அணைந்தது.

குழியின் விளிம்பில் அவள் முழங்காலிட்டாள். டார்ச்சை அடித்தாள். கறுப்புத் தண்ணீர், அதன்மேல் மழைப் புள்ளிகள். பச்சைக் குடை ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்து மெல்லச் சுற்றியது. அதற்குள் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. டார்ச் மங்கியது. ஒருமுறை கையில் அடித்தாள். அணைந்துவிட்டது. அந்த மூடிய கிணற்று வாடை இப்போது எல்லாப் பக்கமும் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ தெரியாது. ரெயின்கோட்டுக்குள் போன் அதிர்ந்தது. ஜெபமலர் என்று திரையில் விழுந்தது. மகள் போன் எடுக்காததால் இவளைக் கூப்பிடுகிறாள். அது அடித்து, அடித்து, நின்றது.

அந்த அமைதியில் பின்னாலிருந்து கேட்டது.

டக். கிணுங்.

மரத்தடியில் அவள் விட்டுவிட்டு வந்த லத்தி. அந்தச் சத்தத்தை உலகத்தில் வேறு யாராலும் எடுக்க முடியாது.

டக். கிணுங்.

அணைந்த டார்ச் அவள் கையில் இருக்க, அவளுக்கு முன்னால் தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழுந்தது. உடம்பில் படாமல்.

"எழும்புங்க சித்தி." சுஜாவின் குரல், காதுக்கு அருகில், சிரிப்போடு. "நான் பின்னால உண்டு."

ராகேல் எழுந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் தண்ணீரின் மேல் நகர்ந்தது. அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள்.