கொல்லைச் சுவர்

துணிக்கொடியின் மறுமுனையைக் காணவில்லை. பிற்பகலில், யார் கையும் படாமல் உலர்த்திய மடிப்புடவையை எடுக்கக் கொல்லைக்கு வந்த வேதவல்லி, கையில் குச்சியோடு அப்படியே நின்றாள். காலையில் அந்தக் கயிறு இரும்புக் கம்பத்தில் கட்டியிருந்தது. கம்பத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்று எட்டு வைக்கிற இடம் இருந்தது. இப்போது கம்பமும் இல்லை, இடமும் இல்லை. கயிறு நேராகச் சுவருக்குள் போயிருந்தது, குளிரில் விறைத்த புடவையின் தலைப்பையும் இழுத்துக்கொண்டு. ஈரச் சிமெண்டு வாசனை அடித்தது.

எழுபத்தைந்தாம் வருஷம், கடல் கடந்து வந்து அஜின்கோர்ட் என்ற புறநகரில் அவர்கள் வீடு வாங்கியபோதே அந்தச் சுவர் இருந்தது. அந்தப் பக்கம் அடுக்குமாடிகள். ஜமைக்காக்காரர்கள், கயானாக்காரர்கள், பஞ்சாபிகள். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களின் தனி வீடுகள், நடுவே வேதவல்லியும் அவள் கணவன் ஸ்ரீநிவாசனும். சத்தத்தைத் தடுக்கக் கட்டிய சுவர் என்று தெருச் சங்கத்தார் சொல்வார்கள். எந்தச் சத்தம் என்று யாரும் கேட்டதில்லை. வேதவல்லி வீட்டுக் கொல்லையோரமாக, ஓர் ஆள் நுழைகிற வழி ஒன்று மட்டும் சுவரில் இருந்தது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ஏழு வயது மகள் வசுமதி அதன் வழியாகத்தான் போய் வருவாள்.

போன மாதம் அவளோடு மார்சியா என்ற கறுப்புச் சிறுமி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் கொடியில் தொங்கிய மடிப்புடவையைத் தொட்டுவிட்டாள். சமுத்திரம் தாண்டியதில் போகாத மடி, அந்த விரல் பட்டதும் போய்விட்டது. வேதவல்லி அந்தக் குழந்தையை ஒன்றும் சொல்லவில்லை, அதற்குத் தைரியம் வேண்டுமே. பக்கத்து வீட்டு மிஸஸ் ஹாஸ்கெட்டிடம் போய், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என் துணியைத் தொடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். மடி என்றால் என்ன என்று விளக்க அவளுக்கு இங்கிலீஷ் போதவில்லை. மிஸஸ் ஹாஸ்கெட்டுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. நாலே நாளில், வழியை அடைக்கச் சொல்லி ஒரு காகிதம் வீடு வீடாக வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றான் ஸ்ரீநிவாசன்.

"ஏன்னா, குழந்தை எப்படிப் போவா?"

"மெயின் ரோட்டைச் சுத்திண்டு போகட்டும். ஊரோட ஒத்து வாழணும், வேதா. நாம போடலேன்னா நம்மளையும் அந்தப் பக்கத்து மனுஷான்னு நினைச்சுப்பா."

நேற்றுத்தான் அடைத்தார்கள்.

குச்சியால் புடவையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் ரசம் கொதித்தது, ஆனால் சமையலறை முழுக்கச் சிமெண்டு வாசனைதான். நவம்பர் மாதத்து வெளிச்சம் நாலு மணிக்கே மங்கத் தொடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொல்லையின் நடுவிலிருந்த ஆப்பிள் மரத்தைக் காணோம். மரம் இருந்த இடத்தில் சுவர் நின்றது. வசுமதி இன்னும் வரவில்லை.

"அம்மா."

சுவருக்குப் பின்னாலிருந்து. வேதவல்லி கதவைத் திறந்தாள்.

"வசு, மெயின் ரோட்டைச் சுத்திண்டு வாடி."

"சுத்திண்டேதாம்மா இருக்கேன். சுவர் முடியவே மாட்டேங்கறது."

வேதவல்லி ஓடிப்போய் போனை எடுத்து மிஸஸ் ஹாஸ்கெட்டை அழைத்தாள். தன் பெண் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள், வழியைத் திறக்கச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் தடுமாறினாள்.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" மிஸஸ் ஹாஸ்கெட்டின் குரல் அன்பாகவே இருந்தது.

"இது என் பெண்."

"என்ன நிறம் என்று சொல்லுங்கள், விசாரிக்கிறேன்."

எதிரே எவர்சில்வர் பாத்திரத்தில் வேதவல்லியின் முகம் தெரிந்தது. போனை வைத்துவிட்டாள்.

மறுபடி குச்சியோடு கொல்லைக்கதவு. வாசற்படியிலிருந்து சுவருக்கு ஐந்து எட்டு.

கண்ணை மூடித் திறந்தாள். மூன்று.

புடவையில் இந்தப் பக்கம் மிச்சம் இருந்தது இரண்டு முழம். அது அசைந்தது. காற்று இல்லை.

"அம்மா, உன் புடவை இங்க வந்திருக்கு."

"வசு."

"மடிப்புடவைம்மா. நான் இன்னும் குளிக்கலை. தொடலாமா?"

வேதவல்லி குச்சியைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் புடவையைப் பற்றிக்கொண்டாள்.

"தொடு. கெட்டியாப் பிடிச்சுக்கோடி."

"நெஜமா?"

"பிடிச்சுக்கோ கண்ணா."

புடவை இறுகியது. இழுத்தாள். ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண். அழுதுகொண்டே இழுத்தாள். முதுகில் கதவு இடித்தது. மூக்குக்கு எதிரே சுவர்.

தலைப்பு வெளியே வந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து சின்ன விரல்கள். சாம்பல் நிறம். நகம்வரை சிமெண்டு.

"பிடிச்சுண்டேம்மா."

மணிக்கட்டுவரை வந்தது. அதற்குமேல் சுவர்.